மூன்றாம் வரியில் ஒரு சிறுமி

மூன்று சிறு நகரங்களுக்கும் சேர்த்து ஒரே போக்குவரத்துத் திட்ட அலுவலகம். அதில் கணக்குப் பார்க்க ஒரே ஒருத்தி. எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றே கூப்பிட்டார்கள். எந்தத் தெருவுக்குப் பேருந்து, எந்த முனைக்குச் சிக்னல் விளக்கு என்று நகரத் தலைவர்கள் கூடி ஓட்டுப் போடுவார்கள்தான். ஆனால் அவர்கள் முன்னால் வைக்கும் பட்டியலை வரிசைப்படுத்துவது கணக்கம்மா. பத்து வேலைக்குத்தான் நிதி வரும். பதினொன்றாவது வேலை என்றால் அடுத்த முறை பார்க்கலாம் என்று கைவிரித்துவிடுவார்கள்.

வரிசை எதை வைத்து? ஆண்டுதோறும் அதே வீடுகளுக்குப் படிவம் போகும். வீட்டில் யார் யார், வயது என்ன, நேற்று எந்த வழியாக எங்கே போனார்கள் என்று கேட்கும். ஊர் முழுக்கக் கேட்க ஆள் ஏது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒரு வீட்டை நாற்பது வீடாகப் பெருக்கிக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு கணினி ஒரு படிவத்தை ஏற்க மறுத்தது. மூன்றாம் வரி: மகள், வயது ஒன்பது. போன ஆண்டும் ஒன்பது, அதற்கு முந்தின ஆண்டும் ஒன்பது. அந்த மகா புத்திசாலிக் கணினிக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. காலை எட்டு பத்துக்குப் பள்ளிக்கூட முனை வழியாக நடந்து போனதாக எழுதியிருந்தது. திரும்பி வந்த நேரம் காலியாக இருந்தது.

கணக்கம்மாவுக்கு அது எந்த வீடு என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் அந்த முனையில் லாரி மோதி ஒரு சிறுமி செத்துப்போனாள். அங்கே வைக்க வேண்டிய விளக்கைப் பதினொன்றாவது இடத்தில் போட்டது இவள் கைதான். இந்த முறை அதே விளக்கு பத்தாவதாக வந்திருந்தது. வந்ததே அந்த மூன்றாம் வரியால். அதை அடித்துவிட்டால் நாற்பது பிள்ளைகள் கழிந்து, விளக்கு மறுபடியும் பதினொன்று. விட்டுவைத்தால் பொய். சந்தேகமான படிவத்தை நேரில் போய்ப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும் என்பது விதி. போனாள்.

கதவைத் திறந்த அம்மா இவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். எழுதியது தான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டாள். விளக்குக்காக எழுதினாளோ என்று கணக்கம்மா சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தாள். விளக்கு வரப்போவதே அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"நேத்து யார் எங்க போனாங்கன்னுதானே கேட்டிருக்கீங்க? எட்டு பத்துக்குச் செருப்பு மாட்டுற சத்தம் கேட்கும். கதவு சாத்துற சத்தம் கேட்கும். திரும்பி வர்ற சத்தம்தான் கேட்கவே இல்ல. கேட்டிருந்தா அதையும் எழுதியிருப்பேனே."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கணக்கம்மா அதைத் தொடாமலே எழுந்தாள்.

அலுவலகம் திரும்பிப் படிவத்தைத் திறந்தாள். 'நபரை நேரில் பார்த்தீர்களா?' என்று கேட்டது. இருபது ஆண்டு வேலையில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள், 'பார்த்தேன்' என்று போட்டாள். கூட்டத்தில் நகரத் தலைவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார்கள். ஒரு கேள்வி கேட்க வேண்டுமே, ம்ஹூம்.

விளக்கு எரியத் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் கணக்கம்மா எட்டு பத்துக்கு அங்கே சிவப்புக்கு வண்டியை நிறுத்தினாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து, தூங்குறியா என்று கத்திவிட்டுப் போனான். கணக்கம்மா வண்டியை எடுக்கவில்லை. சிறுமி இன்னும் பாதிச் சாலையைத்தான் கடந்திருந்தாள்.