மூன்றாம் மாடிக்கு வந்த ஆமை

தையல்காரியின் படுக்கையறைச் சுவருக்குள் கடலாமை நூற்றுப்பன்னிரண்டு முட்டையிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. கடலிலிருந்து பேருந்து நிலையம் வழியாக மூன்று கிலோமீட்டர் நடந்து, மூன்று மாடி ஏறி, திறந்திருந்த கதவு வழியே நுழைந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கு முதுகைக் காட்டிப் பின்துடுப்புகளால் தோண்டியது. சிமெண்டுச் சுவர் ஈர மணலாக இளகிக் கொடுத்தது. வேலை முடிந்து ஆமை படியிறங்கிப் போனதும் சுவர் தானே மூடிக்கொண்டது. சுவரின் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. தையல்காரி கையிலிருந்த சட்டைக்குக் கடைசிப் பொத்தானையும் வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். சட்டைக்காரர் காத்திருந்தாரே, என்ன செய்வது?

கீழ் வீட்டம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஐயோ, ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்களே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "நீங்க வேற! இது என்னவோ பொறந்த வீட்டுக்கு வர்ற மாதிரில்ல நேரா உள்ள வந்துச்சு" என்றாள் தையல்காரி. விளையாட்டாகச் சொன்னதைத்தான் மதியம் வந்த ஆமைப் பாதுகாப்பு அதிகாரியும் சொன்னார். கடலாமை, தான் பொரிந்து வெளிவந்த மணலைத் தேடியே முட்டையிட வரும். இதன் மணல் கரையை விட்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது, ஆகவே ஆமையும் மாடியேறியது, இதில் வியக்க ஒன்றுமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

மணல் என்ற சொல்லைக் கேட்டதும்தான் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மூன்றாம் மாடியை எழுப்பிக் கொடுத்தவன் அவள் தம்பி, மேஸ்திரி. எதற்கெடுத்தாலும் சத்தியம் பண்ணுவதால் ஊரில் அவன் பெயரே சத்தியம். குடிவந்த முதல் மழையிலேயே சுவரில் உப்புப் பூத்தது. "கடல் மணலாடா போட்ட?" என்று கேட்டதற்கு, "ஆத்து மணல்க்கா, அம்மா மேல சத்தியம்" என்றான். செத்துப்போனவளை இழுத்தானே என்று இவள் வைத வசவில் முறுக்கிக்கொண்டு போனவன், நான்கு வருடமாக வாசல் மிதிக்கவில்லை. அவளுக்கென்று இருந்த ஒரே இரத்த உறவு அவன்தான். சுவரில் உப்பைத் துடைக்கும் போதெல்லாம் அழுதிருக்கிறாள்.

அதிகாரி சுவரில் வெப்பமானி ஒட்டிவிட்டு, "அந்த இஸ்திரி மேஜைய நகத்துங்கம்மா. சுவர் சூடானா பொறக்குறது அத்தனையும் பொண்ணாயிடும்" என்றார். "ஆனா என்ன, குடி முழுகிப் போச்சா?" என்று கேட்டாலும், மேஜையைக் கூடத்துக்கு இழுத்துவிட்டாள். காலண்டரையும் கழற்றினாள். ஊரே வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனது. சத்தியம் மட்டும் வரவில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் காலை, சுவர் பொலபொலவென்று உதிர்ந்து குஞ்சுகள் தலைநீட்டியபோது, சம்மட்டியும் கையுமாக அவன் வாசலில் நின்றான். "கடல் மணல்தான்க்கா. ஆத்து மணல் வர மாசக்கணக்காகும்னாங்க. அந்த ஒழுகுற வாடகை வீட்ல நீ இன்னொரு மழையத் தாங்கமாட்டியேன்னு கரையில அள்ளிட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரல. இடிச்சுப் புதுசா கட்டித் தரேன்." இந்தத் தடவை சத்தியம் எதுவும் பண்ணவில்லை.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தானேடா நாலு வருஷம் காத்துக் கெடந்தேன்" என்று அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அடுத்த நொடியே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குஞ்சுகளுக்கு அழுகையெல்லாம் தெரியுமா? கட்டிலடியில் புகப் பார்த்தன. இருவரும் மண்டியிட்டு வெட்டுத்துணியால் அணைகட்டிக் கூடையில் சேர்த்து, பேருந்தில் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். மடியில் வைத்துக்கொள்வதற்கு டிக்கெட் கிடையாது என்றார் நடத்துனர்.

திரும்பி வந்ததும் சத்தியம் சம்மட்டியைத் தூக்கினான். "வைடா கீழ! பதினஞ்சு வருஷம் கழிச்சு அதுங்க வயித்துல முட்டையோட வந்து நிக்கும். சுவர் இல்லேன்னா எங்கடா போகும்?" என்று அதட்டி, அதற்குப் பதிலாகப் படிக்கட்டின் ஓரத்தில் ஒரு சாய்தளம் கட்டச் சொன்னாள். லாரியில் வந்து இறங்கிய மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கலவை போட விட்டாள். தம்பி என்றால் அப்படியே நம்பிவிட முடியுமா?

ஆமை இப்போதும் ஓராண்டு விட்டு ஓராண்டு வருகிறது. அந்த வாரம் யாரும் படியோரம் செருப்பு விடுவதில்லை. சத்தியம் அதன் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிவந்து, அக்கா வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகிறான்.