நூற்றைம்பதாம் பக்கத்துக்கு அப்பால்

2019 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, அயர்லாந்தின் மேற்குக் கரையில் பெல்மல்லெட் என்ற ஊரில் டெர்வ்லா கானன் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள். ஞாயிறு நான்கு மணி என்றால் நுவாலாதான். நுவாலா இருப்பது வடக்கே பன்க்ரானாவில், காரில் போனால் நான்கு மணி நேரம். இருவரும் ஆறு வருடமாகப் பேசுகிறார்கள், நேரில் பார்த்ததில்லை. புத்தக விமர்சனம் எழுதும் ஓர் இணையதளத்தில் பழக்கமானவர்கள். இருவருக்கும் பேய்க்காதல் நாவல்கள்மேல் பைத்தியம். ரத்தக்காட்டேரியோ ஓநாய் மனிதனோ எப்போதோ கடலில் செத்த மாலுமியோ, எவனாக இருந்தாலும் சரி, உயிரோடு இருக்கும் ஒருத்திக்காக அவன் உருக வேண்டும், அவ்வளவுதான்.

சேர்ந்து படிப்பதற்கு நுவாலா ஒரு சட்டம் வைத்திருந்தாள். இருவரும் ஒரே புத்தகத்தை வாங்க வேண்டும். வாரத்துக்கு ஐம்பது பக்கம், அதற்கு மேல் ஒரு வரிகூடக் கூடாது. நூற்றைம்பதாம் பக்கத்தில் தொடர்வதா விடுவதா என்று கேட்டுக்கொள்வார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாலும் இருவரும் மூடிவிட வேண்டும். இப்படி முப்பத்தொரு புத்தகம் முடித்திருந்தார்கள், ஒன்பதைக் கைவிட்டிருந்தார்கள்.

இப்போது நடந்துகொண்டிருந்தது ஒரு கலங்கரை விளக்கத்துக் கதை. சித்தப்பா விட்டுப்போன பழைய கலங்கரை விளக்கத்துக்கு ஒருத்தி குடிவருகிறாள். அட்டையில் வெற்று மார்போடு ஒருவன் அலைக்கு நடுவே நிற்கிறான். நூற்றைம்பது பக்கம் ஆகியும் அவன் உள்ளே வரவில்லை.

"சொல்லுடி," என்றாள் நுவாலா. "பேய் வந்துச்சா? நான்தான் தூங்கி விட்டுட்டேனோ?"

"இன்னும் வரல."

"கூரை ஒழுகுது, அடைக்கிறா. குழாய் ஒழுகுது, அடைக்கிறா. போன வாரம் பூரா ஜன்னலுக்குச் சாயம் அடிச்சா. குழாய் ரிப்பேர் படிக்கணும்னா நான் எங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டுக்க மாட்டனா?"

டெர்வ்லா சிரித்தாள்.

"ஒரு கதவாவது தானா சாத்திக்கக் கூடாதா? ஒரு மெழுகுவத்தியாவது அணையக் கூடாதா? எனக்குப் போதும்மா. நான் மூடறேன். நீ என்ன சொல்ற?"

டெர்வ்லாவின் விரல் நூற்றைம்பதாம் பக்கத்தில் இருந்தது. "எனக்கும் அப்படித்தான்," என்றாள். "ரொம்ப மெதுவா போகுது."

அது பொய்யில்லை. நாவல் மெதுவாகத்தான் போனது. எழுதியவளுக்கு மேகத்தைக் கண்டால் நான்கு பத்தி எழுதாமல் இருக்க முடியவில்லை. கதாநாயகியின் கூந்தல் ஆறு இடத்தில் தேன் நிறமாக இருந்தது. அதையெல்லாம் டெர்வ்லாவும் கவனித்திருந்தாள். ஆனால் கதாநாயகி தனக்கு மட்டும் உருளைக்கிழங்கு வேகவைக்கும் இடத்தில், எத்தனை போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கத்தை டெர்வ்லா இரண்டு தடவை படித்திருந்தாள். இதை நுவாலாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டெர்வ்லாவின் கணவன் பிரிந்துபோய் ஏழு வருடம் ஆகியிருந்தது. இப்போது பக்கத்து ஊரான காசில்பாரில் வேறொருத்தியோடு இருக்கிறான், பார்த்தால் கையசைப்பான். டெர்வ்லாவுக்குக் கால்நடை மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க ஆடு மாடுகளைப் பற்றிப் பேசுவாள். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் மறுநாள் ஒன்பது மணிவரை யாரோடும் பேச வேண்டிய அவசியம் வராது.

புதன்கிழமை மதிய இடைவேளையில், பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைக்குக் கொடுக்க எடுத்துவந்த அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து நூற்றைம்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். ஒரு பக்கம்தானே என்று நினைத்தாள். ரொட்டி பாதியில் நின்றுவிட்டது.

நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில் அவன் வந்தான். இடியும் மின்னலும் இல்லை. அவள் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் காலையில் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். அடுத்த இருபது பக்கம் அவள் அதைக் கண்டும் காணாதவள்போல இருந்தாள். டெர்வ்லாவுக்கு அது எரிச்சலாக இருந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலவும் இருந்தது. முந்நூறாம் பக்கத்துக்கு மேல் காதல் ஒரேயடியாகக் கொதித்து வழிந்தது. கடைசி அத்தியாயம் அவசரமாக எழுதியது. சனிக்கிழமைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் முடிந்தது. பிடித்ததா என்றால் அவளால் சட்டென்று பதில் சொல்ல முடிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நுவாலா அழைத்தபோது, அடுத்த புத்தகமாக அவர்கள் ஓர் ஓநாய் மனிதன் கதையை ஆரம்பித்திருந்தார்கள். நுவாலா சந்தோஷமாக இருந்தாள்.

"மூணாம் பக்கத்துலயே கடிச்சுட்டான் பாத்தியா. ஆம்பளைன்னா இவன். காத்திருக்கவே விடல."

"கடிச்சுட்டு ஒரு வார்த்தை பேசாமப் போறான். பேரைக்கூடக் கேக்கல."

"பேரு எதுக்கு? அவன் என்ன ஜனத்தொகைக் கணக்கு எடுக்கவா வந்தான்?"

"இவனுக்கு அந்த விளக்குக்காரன் எவ்வளவோ மேல்," என்றாள் டெர்வ்லா. "கோப்பையாவது துடைச்சு வச்சான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. தொலைபேசியின் மறுமுனையில் பையன்கள் யாரோ கால்பந்து பார்த்துக் கூச்சலிடுவது கேட்டது. நுவாலா வீட்டில் கணவனையும் சேர்த்து ஐந்து ஆண்கள்.

"எந்த விளக்குக்காரன்?"

டெர்வ்லா ஓநாய் மனிதன் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"எத்தனாவது பக்கத்துல துடைச்சான்?"

"நூத்தி எண்பத்தேழு."

"எதுவரைக்கும் படிச்ச?"

"பூராவும்."

நுவாலா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கூச்சல் நின்றது. "இப்ப நான் எங்க நிக்கிறேன் தெரியுமா? துணி காயப்போடுற ரூம்ல. இந்த வீட்டுல என் தட்டுல இருக்கற வறுவல்கூட எனக்கில்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணி, இது ஒண்ணுதான் எனக்குன்னு வச்சிருக்கேன். நாம ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல நிக்கிறோம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"தப்புதான் நுவாலா."

"படிச்சது போகட்டும். விடலாமான்னு கேட்டேனே, அப்பவே பிடிச்சிருக்குன்னு சொல்லக் கூடாதா? இன்னும் அம்பது பக்கம் குழாய் ரிப்பேரைப் படிச்சிருப்பேன், உனக்காக. என்னடி பிடிச்சுது அதுல?"

டெர்வ்லா சமையலறை மேசையைப் பார்த்தாள். அந்த உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஆறு வருடத்தில் தன் கணவனைப் பற்றி நுவாலாவிடம் ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள், அவன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று. அந்தக் கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை.

"சும்மாதான்," என்றாள். "முடிவு என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

"சரி," என்றாள் நுவாலா. "வெளிய கூப்பிடுறாங்க. வைக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. நாலரைக்கு டெர்வ்லாவே அழைத்தாள். ஒரு பையன் எடுத்து, அம்மா வேலையாக இருக்கிறாள் என்றான். அதற்கடுத்த ஞாயிறும் அதே பையன், அதே பதில். ஓநாய் மனிதன் கதையில் அவள் ஐம்பதாம் பக்கத்திலேயே நின்றாள். நுவாலா எங்கே நிற்கிறாள் என்று தெரியாது.

டிசம்பர் முதல் வாரத்தில் இணையதளத்தில் அந்தக் கலங்கரை விளக்கத்து நாவலுக்கு விமர்சனம் எழுதினாள். நட்சத்திரம் போடும் இடத்தில் இரண்டைத் தொட்டாள், நான்கைத் தொட்டாள், கடைசியில் மூன்றில் நிறுத்தினாள். மூன்று போட்டால் அங்கே யாருக்கும் பிடிக்காது. புத்தகத்தைக் கொண்டாடுகிறவர்களும் சண்டைக்கு வருவார்கள், கிழிக்கிறவர்களும் வருவார்கள்.

"ஆரம்பம் மிக மெதுவாகப் போகிறது," என்று எழுதினாள். "பேய்க்காக வாங்குகிறவர்கள் நூற்றெண்பது பக்கம் பொறுக்க வேண்டும். மேகங்கள் அதிகம். முடிவு அவசரம். ஆனால் பேய் வருவதற்கு முந்திய பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தன. தனியாக இருக்கிற ஒருத்தி எத்தனை உருளைக்கிழங்கு வேகவைப்பது என்று யோசிக்கிற இடத்தை இந்த ஆசிரியர் சரியாக எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரர் என்னைப் பிரிந்துபோன முதல் வருடம் நானும் அப்படி நின்றிருக்கிறேன். இதை என்னோடு சேர்ந்து படித்த தோழியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் மீதியைப் படித்தது என் தவறு."

நுவாலா அந்தத் தளத்துக்குத் தினமும் வருகிறவள். மூன்றாம் நாள் விமர்சனத்தின் கீழே அவள் பெயரில் இரண்டு வரி இருந்தது.

"நல்லா எழுதியிருக்க. கப்பல்னு சொன்ன, நானும் ஆறு வருஷமா நம்புனேன்."

டெர்வ்லா உடனே பதில் போட்டாள். பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினாள். பன்க்ரானாவிலிருந்தும் ஒரு அட்டை வந்தது, குடும்பத்தில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

ஜனவரியில் நுவாலா புதிதாக ஒரு புத்தகத்தை ஸ்லைகோவில் இருக்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து படிக்க ஆரம்பித்தாள்.