பெயரில்லாப் பொட்டலம்

வெள்ளகோவிலிலிருந்து மாற்றலாகி வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் யாஸ்மினுக்கு, பீளமேட்டில் பேச்சுத்துணை என்று இருந்தது பேக்கரிக்காரர் கோவிந்தராஜுலு ஒருவர்தான். கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. மகள் துபாயில். சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கிப் பிரெட் வாங்கப் போனால், "ஏனுங்க அம்மணி, இன்னிக்கு நேரமாயிருச்சுங்களா?" என்பார். வேலை சம்பந்தமில்லாமல் அவளிடம் ஒருவர் கேட்கும் கேள்வி அன்றைக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆடியில் பேக்கரிகளில் மாதிரி எடுக்க உத்தரவு வந்தது. பிரெட் நன்றாக உப்புவதற்காக மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட், புற்றுநோய் பயத்தால் 2016லேயே தடைசெய்யப்பட்ட பொருள். இன்னும் சில கடைகளில் புழங்குவதாகப் பேச்சு. கோவிந்தராஜுலு கடையை அவள் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் போனாள்.

"நம்ம கடையிலயுங்களா?" என்று சிரித்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் ஆய்வக அறிக்கை வந்தது. எட்டுக் கடைகளில் ஒன்றில் மட்டும் புரோமேட். கடையின் பெயரை இரண்டு முறை படித்தாள்.

"மாவுல என்னங்க சேர்க்கறீங்க?" என்று கடைக்குப் போய்க் கேட்டாள்.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து வந்தார். வெள்ளைத் தூள். வெளியே ஓர் எழுத்துக்கூட இல்லை.

"மாவு போடற ஏவாரி குடுத்தானுங்க. நல்லா உப்பும்னான். ஆறு வருசமாப் போடறனுங்க."

"இதுல பேரே இல்லீங்களே. என்னன்னே தெரியாம எப்படிங்க போட்டீங்க?"

அவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, "என்ற பேத்திக்கும் இந்தப் பிரெட்டுத்தானுங்களே குடுத்தேன்" என்றார்.

தானும் ஒரு வருடமாக அதைத்தான் தின்கிறேன் என்று சொல்ல யாஸ்மினுக்கு வாய் வரவில்லை. பொட்டலத்துக்குச் சீல் வைத்தாள்.

"கேசு போடுவீங்களா, மேடம்?"

அவர் அவளை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.

"போட்டாகணுங்க."

"சரிங்க."

வியாபாரியின் பெயரை அவர் ஒளிக்காமல் சொன்னார். மறுநாளே சூலூர்ப் பக்கத்துக் குடோன் ஒன்றில் அதே தூள் பதினொரு டின் அகப்பட்டது. இருபத்துமூன்று பேக்கரிகளுக்குப் போயிருந்ததாம். எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டிவிட்டு, அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

கோவிந்தராஜுலு மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. தூளை அன்றே நிறுத்திவிட்டார். பிரெட் கொஞ்சம் அமுங்கி வந்தது, அவ்வளவுதான். மறுபடி எடுத்த மாதிரியில் குறை இல்லை. தபாலில் அனுப்பியிருக்க வேண்டிய அந்த அறிக்கையை யாஸ்மின் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் அதைப் படித்து, மடித்துக் கல்லாவில் வைத்தார். "இனித் தப்பு நடக்காதுங்க, மேடம்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"வாங்க கண்ணு, என்ன வேணும்?" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

அவர்களுக்கு வழிவிட்டு யாஸ்மின் படியிறங்கினாள்.