நிழலுக்கு இன்னொரு ஸ்பெல்லிங்

மாமனார் வீட்டில் மருமகன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. அதுதான் கணக்கு. சகலைகள் இருவருக்கும் தொழிலும் ஒன்றே: கடை வாசலில் வெயில் இறங்காதபடி இரும்புச் சட்டம் அடித்துக் கான்வாஸ் கூரை போடுவது. பெரியவர் இதிலேயே தலை நரைத்தவர். சின்னவன் கல்யாணமான புதிதில் அவரிடம் வந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு தனியாகப் போய்க் கடை திறந்தான். கடைக்கு ‘நிழல்’ என்று பெயர் வைத்தான்.

அந்தப் பெயரைப் பலகையில் பார்த்த அன்றே பெரியவருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக நிழல் போட்டு விற்பவர் அவர். அந்த ஒரு வார்த்தை அவர் மண்டையில் உதிக்காமல் போய்விட்டதே! அது போதாதென்று சின்னவன் அதே பெயரில் வெப்சைட்டும் திறந்தான். மாமனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினார். பெரியவர் ஆஹா ஓஹோ என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி மேல் எரிந்து விழுந்தார்.

“உங்களுக்கும் ஒண்ணு திறந்துக்கோங்களேன். யார் வேண்டாம்னா?” என்றாள் அவள்.

மருந்துக் கடை மாடியில் வெப்சைட் செய்துதரும் பெண் ஒருத்தி இருந்தாள். பெரியவர் யோசித்து வைத்திருந்த பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ‘குளுமை’யை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். ‘கூரை’ எங்கோ கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் இருந்தது. கடைசியில், சும்மா கேட்பது போல, “நிழல்?” என்று கேட்டார்.

“அதுவும் போயிடுச்சு சார். ‘ழ’வுக்கு இசட் எச் போட்டு எடுத்திருக்காங்க. வெறும் எல் போட்டா காலியாதான் இருக்கு. பாதிப் பேர் அப்படித்தான் தட்டுவாங்க.”

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்க்கடை வாசலில் சின்னவன் போட்ட பச்சைக் கூரை பளிச்சென்று தெரிந்தது.

“அதையே போட்டுடும்மா” என்றார்.

வெப்சைட் திறந்த கையோடு போன் வர ஆரம்பித்தது. எல்லாம் சின்னவனைத் தேடி வந்தவை. பூக்கடைக்காரி ஒருத்தி, தன் தங்கையின் பேக்கரிக்குப் போட்ட கூரை பெருங்காற்றிலும் அசையவில்லை, அதே ஆள்தான் தனக்கும் வேண்டும் என்றாள்.

“நீங்கதானே அது?”

பெரியவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “ஆமாம்மா, நான்தான்” என்றார்.

சொன்ன பிறகு அந்தக் கூரையைப் பார்க்காமல் எப்படி? பேக்கரிக்குப் போய் ஏணி போட்டு ஏறினார். குறை கண்டுபிடிக்கவே ஏறினார் என்றும் சொல்லலாம். தையலைத் தடவிப் பார்த்தார், இரட்டைத் தையல். சட்டத்தை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. ஒரு பிசிறுகூட அகப்படாத எரிச்சலோடு இறங்கினார்.

அந்த எரிச்சலையெல்லாம் பூக்கடையில் காட்டினார். துணியைத் தானே வெட்டினார், தானே தைத்தார், மூலைகளை மடக்கி உட்கார வைப்பதை ஆட்களிடம் விடவில்லை. வேலை முடிந்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பூக்கடைக்காரிக்கு மனம் நிறைந்துவிட்டது. போட்டோ எடுத்து நாலு வரி பாராட்டு எழுதி வெப்சைட்டில் ஏற்றினாள். இந்த முறை அவள் ஸ்பெல்லிங்கைச் சரியாகப் போட்டுவிட்டாள். பாராட்டு சின்னவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது அந்தப் போட்டோதான் கைக்குக் கை மாறியது. “சின்ன மாப்பிள்ளை இதுவரைக்கும் செஞ்சதிலேயே இதுதான் ஒசத்தி” என்றார் மாமனார். பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன் வேலையைத் தானே பார்த்து வயிறெரிய வேண்டிய நிலைமை உலகத்தில் வேறு எவனுக்கு வந்திருக்கும்?

சின்னவன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“இது நான் போட்டதில்ல மாமா” என்றான். “அண்ணன் வேலை இது. மூலையைப் பாருங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் இந்த மடிப்பு வரல. எத்தனையோ துணியை வெட்டிப் பாழாக்கியிருக்கேன்.”

பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, “எல் போட்ட நிழல் உங்களுதுன்னு போன மாசமே தெரியும்ணே. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றான்.

அதில் குத்தல் இல்லை. பெரியவருக்கு அதுதான் தாங்கவில்லை. வீடே அவர் வேலையைப் புகழ ஆரம்பித்தது. அந்தப் புகழும் சின்னவன் எடுத்துக் கொடுத்ததாகத்தான் வந்தது. பெருந்தன்மையிலும் இந்தப் பயல் முந்திக்கொண்டானே என்று இருந்தது அவருக்கு. “தப்புதான் தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கைகழுவ எழுந்தார்.

மறுநாளே மாடிப் பெண்ணிடம் போய், எல் போட்ட நிழலைத் தட்டுகிறவர்கள் நேராகச் சின்னவன் வெப்சைட்டுக்கே போகும்படி செய்யச் சொன்னார். தனக்கு ‘வெயில்’ என்று கேட்டார். அது காலியாக இருந்தது.

“வெயில மறைக்கிற கடைக்கு வெயில்னா வைக்கிறது?” என்று சிரித்தாள் அவள்.

“வெயில் சுட்டாதானேம்மா நம்மளத் தேடி வருவாங்க. அப்புறம், அதுக்கு எத்தனை ஸ்பெல்லிங் உண்டோ அத்தனையும் எடுத்துடு. ஒண்ணையும் விட்டுடாதே.”

பெயர் பிடித்துக்கொண்டது, வேலையும் வந்தது. மாமனார் இப்போது விருந்தாளிகளுக்கு இரண்டு வெப்சைட்டையும் காட்டுகிறார். எதை முதலில் காட்டுகிறார் என்று பெரியவர் பேப்பர் படிப்பது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.