எட்டாவது டீசர்ட்

தீபாவளி லீவுக்கு லட்சத்தீவு போகலாம் என்று எங்கள் பனியன் கம்பெனித் தையல் டேபிளில் முதலில் சொன்னது சத்யப்பிரியாதான். தென்னை மரமும் கடலும் அச்சடித்த துணி ஒரு ஆர்டருக்கு வந்தபோது, "இந்த மாதிரி ஊருக்கு ஒருக்கா போய்ட்டு வந்துரோணுங்க்கா" என்றாள். மாசியில் செத்துப்போனாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் திரும்பும்போது மங்கலம் ரோட்டில் லாரி மோதியது. வேனில் அவரவருக்கு ஒரு சீட் உண்டு. அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தது என் ஜன்னல் சீட்டில்.

சீட்டும் என்னுது, அந்த அரை ஷிப்டும் என்னுது. பையனுக்குக் காய்ச்சல் என்றேன். "நீங்க போங்க்கா, நான் நின்னுக்கறேன்" என்றாள். நித்தீஷுக்குக் காய்ச்சல் இல்லை. அவனைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன். ராட்டினத்திலிருந்து இறங்கும்போது போன் வந்தது. காய்ச்சல் பொய்யென்று யாரிடமும் சொல்லவில்லை.

டூர் நிற்கவில்லை. டேபிளில் மிச்சம் ஏழு பேர். கொச்சியில் கப்பல், போலீஸ் சான்று எல்லாம் சூப்பர்வைசர் அருள்செல்வன் பார்த்தான்.

"வாந்தி எடுக்கறவங்க இப்பவே சொல்லிருங்க. கவர் நாந்தான் வாங்கோணும்."

"நீங்க எடுக்காம இருந்தாச் சரிங்க சாமி. ஊட்டி பஸ்ஸுல பாத்தமே" என்றாள் செக்கிங் பார்க்கும் மயிலாத்தாளக்கா.

"அனிதாக்காவுக்கு ஜன்னலோரம் போட்டுறலாங்களா?" என்றான் அருள்செல்வன்.

"வேண்டாம்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டூருக்கு ஒரே கலர் டீசர்ட் போடுவது எங்கள் வழக்கம். மிச்சத் துணியில் கட்டிங் மாஸ்டர் வெட்டித் தருவார், நாங்களே தைத்துக்கொள்வோம். இந்தத் தடவை நான் தைத்தேன். மயிலாத்தாளக்கா எண்ணிவிட்டு, "எட்டு இருக்குதே" என்றாள்.

எம் சைஸ் ஒன்று கூடுதல். எங்களில் யாருக்கும் எம் இல்லை. மாஸ்டர் போன வருச ஊட்டி டூருக்கு எழுதின சைஸ் சீட்டையே பார்த்து வெட்டியிருக்கிறார். அதில் எம் சத்யப்பிரியாவுடையது. அதன் தோளையும் கையையும் சேர்த்துத் தைத்தது நான். தைக்கும்போது தெரியவில்லை.

"வேஸ்ட்ல போட்டுறலாங்களா?" அருள்செல்வன் மெதுவாகக் கேட்டான்.

"போடாதீங்க சாமி. அவ பொண்ணுக்கு ஆகும். அனிதா, நீதான அவளோட ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச. கொண்டுபோய்க் குடு."

ஞாயிறு காலை அனுப்பர்பாளையத்தில் அவர்கள் லைன் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் யாழினி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயசு. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு டீசர்ட்டை வாங்கித் தன்மேல் வைத்துப் பார்த்தாள். முட்டி வரை வந்தது.

"அம்மா சொன்ன தீவுக்கா போறீங்க பெரிம்மா?"

"ஆமா கண்ணு."

"நித்தீஷுக்கு அப்பறம் காய்ச்சல் வரலீங்களே?"

"உனக்கு யாரு கண்ணு சொன்னது?" என்றேன்.

"அன்னிக்கு அம்மா போன் பண்ணுனாங்க. தம்பிக்குக் காய்ச்சல், பெரிம்மாவுக்குப் பதிலா நிக்கறேன், நீ சாப்புட்டுத் தூங்குன்னாங்க."

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீசர்ட்டின் காலி கை அவள் தோளிலிருந்து தொங்கியது.

"காய்ச்சலே இல்ல கண்ணு. பொய் சொன்னேன். பொருட்காட்சிக்குப் போனேன்."

அவள் அழவில்லை. டீசர்ட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் துவைக்கிற கல்லுக்குத் திரும்பிப் போனாள்.

அங்கேயே நின்று அருள்செல்வனுக்குப் போன் போட்டேன். "டூர்ல என் பேரை அடிச்சிருங்க."

"ஏனுங்க்கா?"

யாழினி துணி அடிப்பதை நிறுத்தினாள்.

"திங்கக்கெழம டேபிள்ல எல்லார்த்துக்கும் சொல்றனுங்க" என்றேன்.