தச்சர் சாமிக்கு ஒரு பூசை

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான்தான்.

கன்னியர் மடத்தில் இருக்கும் என் அக்கா ஒரு நாவல் தேடித் தரச் சொன்னாள். அங்கே மதியச் சாப்பாட்டின்போது யாரும் பேசக்கூடாது; ஒருவர் நின்று புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். வாசிப்பவள் அக்கா.

“நல்ல கத்தோலிக்க சரித்திர நாவலா பாருடா. வேதசாட்சி முதல் அத்தியாயத்துலயே சிரிச்சுக்கிட்டு கழுத்தை நீட்டுற கதை வேணாம். எல்லாருக்கும் கொட்டாவி வருது.”

இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றில் குருக்கள் எல்லாரும் வில்லன்கள். இன்னொன்றில் எல்லாரும் மெழுகுப் பொம்மைகள். (மூன்றாவதைப் பற்றி— வேண்டாம், எழுதியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.) கடைசியில் நானே எழுதினேன். ‘பழைய புத்தகம், ஜெராக்ஸ்தான் கிடைத்தது’ என்று ஒவ்வோர் அத்தியாயமாக அனுப்பினேன். முன்னுரையில் ‘உண்மைச் சம்பவம்’ என்று வேறு எழுதித் தொலைத்தேன்.

2
நான் எழுதிய கதை இது: கிறிஸ்தவ வேதத்தில் இருப்பதே குற்றமாக இருந்த காலம். ஒரு குரு, தச்சர் வேஷத்தில் ஒரு விதவையின் வீட்டில் ஒளிந்திருக்கிறார். அவருக்கு ஆணி நேராக அடிக்க வரவில்லை* என்பதை அதிகாரி கவனித்துவிடுகிறான். “நீ குருவா? ஒரே வார்த்தை.” ஆமென்றால் விதவைக்கும் தலை போகும். இல்லையென்றால், வேதத்தையே மறுதலித்தவர்—

[முடிவு ஒன்று: ‘ஆமாம் என்று கம்பீரமாக’ — அடித்துவிட்டேன். முடிவு இரண்டு: ‘இல்லை என்றார். பிறகு வாழ்நாளெல்லாம்’ — இதையும் அடித்துவிட்டேன்.]

நான் கோவிலுக்குப் போய்ப் பதினோரு வருடமாகிறது. என்னிடம் இருந்த பயத்தைத்தான் அந்த மனிதருக்குக் கொடுத்திருந்தேன்.

*இதற்கு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. என் வீட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

3
இன்று பதினொன்றே முக்காலுக்கு அக்காவின் போன். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி.

“கடைசி அத்தியாயம் எங்கடா? பெரிய சிஸ்டர் நாலு நாளா சரியா சாப்பிடலை. தச்சர் சாமி ஆத்துமாவுக்குன்னு நாளைக்குக் கோவில் பூசைக்கே எழுதிக் குடுத்துட்டாங்க.”

பெரிய சிஸ்டருக்கு எண்பத்தாறு வயது. பிறக்காத மனிதனுக்குப் பூசை!

“அவர் ஆமான்னு சொல்லிட்டார்னு சொல்லிடேன்க்கா.”

“அப்படித்தான் முடியும்னு சொன்னேன்டா. அதுக்கு அவங்க, ‘தைரியசாலிக்கு என் ஜெபம் எதுக்கு? அவன் இல்லைன்னுதான் சொல்லுவான். அதான் வேண்டிக்கிறேன்’னாங்க.”

அடித்துப் போட்டிருந்த இரண்டாவது முடிவை எடுத்து மறுபடி பார்த்தேன்.

“இன்னொண்ணு. இதை எழுதினவனும் ரொம்பப் பயந்தவனாம். அவனையும் பூசையில சேர்க்கணுமாம். பேர் கேட்டு வரச் சொன்னாங்க.” அக்காவின் குரல் தணிந்தது. “ஆணி அடிக்கத் தெரியாத ஆள் எனக்கு ஒருத்தனைத்தான் தெரியும். டேய், நீயா?”

4
ஆமென்றால், உண்மைச் சம்பவம் என்று சொல்லி மடத்தையே ஏமாற்றியவள் என்ற பழி அக்காவின் தலையில் விழும். அத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்க வேண்டும். இல்லையென்றால், நாளைய பூசையில் எனக்கு இடமில்லை. இப்படி ஒரு கேள்வியை அந்தத் தச்சரிடம் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டேன்!

போனில் மணி அடிப்பது கேட்கிறது. நாற்காலிகள் நகர்கின்றன. அக்கா இன்னும் வைக்கவில்லை.

“சொல்லுடா. ஒரே வார்த்தை.”

தச்சர் சாமியின் பதிலை உங்களிடமே விட்டுவிடுகிறேன், வாசகரே. என்னுடையதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.