அழக்கூடாத வீடு

"உள்ள என்ன பண்றே?"

"குளிக்கறேன் அத்தை."

"குழாய்ச் சத்தம் கேக்குது. மேல ஊத்தற சத்தம் கேக்கலையே."

குளியலறைக்குள் நின்றவள் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினாள். பிறகு இன்னொன்று. உடம்பில் ஒரு சொட்டும் படவில்லை. கதவுக்கு வெளியே மாமியாரின் செருப்பு நகர்ந்ததாகத் தெரியவில்லை. முகத்தைக் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, கூந்தலின் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரும்போதே சிரித்தாள். மாமியார் அவள் கண்களைப் பார்த்தாள். சோப்பு பட்டுவிட்டது என்றாள் மருமகள். நாளைக்கு வேறு சோப்பு வாங்கி வைப்பதாகச் சொல்லிவிட்டு மாமியார் அடுப்படிக்குப் போனாள்.

வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் அழக்கூடாது. அந்த வீட்டில் இதை யாரும் அதட்டிச் சொன்னதில்லை. அன்பாகத்தான் சொன்னார்கள். எதிர்த்துப் பேச அதனாலேயே வழியில்லாமல் போயிற்று. தொலைக்காட்சியில் யாராவது சாகப்போகிறார்கள் என்று தெரிந்தால் மாமியார் சேனலை மாற்றிவிடுவாள். வெங்காயம் நறுக்கக்கூட அவளை விடுவதில்லை. வேலைக்கும் நீண்ட விடுப்புப் போடச் சொல்லியாயிற்று. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவள் வேலை. ஊரார் புலம்பலைக் காதில் வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்றாள் மாமியார். மூன்று நாளாய்த் தண்ணீர் வரவில்லை என்று யாரோ முன்பின் தெரியாதவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரம்தான் தனக்கு ஓய்வாக இருந்தது என்பதை மருமகளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இது இரண்டாவது. முதலாவது ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அவள் மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைக்கென்று துணி அடுக்கி வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று மாமியார் எல்லோருக்குமாகச் சொல்லிவிட்டாள். யாரும் எடுக்கவில்லை. எடுக்காமலே இப்போது அடுத்தது வயிற்றில் புரள்கிறது. ஒவ்வொரு புரளலுக்கும் அவள் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். அதையும் சந்தோஷம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மாடிப்படியின் கடைசி வளைவில் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான். அவள் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. வேலையிடத்தில் அவனுக்குப் 'பாதாளம்' என்று பட்டப்பெயர். லிஃப்ட் கூண்டுக்கு அடியிலிருக்கும் பள்ளத்தில் இறங்கினால் வேலை முடிந்தும் சீக்கிரம் மேலே வரமாட்டான். மாப்பிள்ளை அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டார் என்று சக தொழிலாளிகள் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

முதலாவது போன கதையைக் கேட்ட டாக்டர், ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்றார். அது பெண்கள் சமாச்சாரம், தனக்கு லீவு கிடைக்காது என்று அவன் நழுவிவிட்டான். அவன் இடத்தில் மாமியார் போனாள்.

"நானும் அவனும் வேறயா?" என்று கேட்டுக்கொண்டே கணவனுக்கான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆலோசகர் நடுவயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று அவள் மருமகளைக் கேட்க, மாமியார் பதில் சொன்னாள். அழுகை வருகிறதா என்று கேட்டபோது மாமியாருக்கு முகமெல்லாம் பெருமை.

"எங்க வீட்டுல அவ கண்ணுல தண்ணி வர நாங்க விடறதே இல்லம்மா."

வெளியே வரிசை நீண்டிருந்தது. சரி, நல்லது என்று ஆலோசகர் அனுப்பிவிட்டாள். அவர்கள் போனபிறகுதான், அந்தப் பெண்ணின் குரலைத் தான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது ஆலோசகருக்கு உறைத்தது. மறுநாள் கணவனுக்கு அவளே போன் செய்தாள். நீங்கள் வராவிட்டால் யாரும் வர வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரம் மூன்று பேரும் வந்தார்கள். ஆலோசகர் மாமியாரைப் பக்கத்து அறைக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"எனக்கா? எனக்கென்ன கேடு?"

"உங்கள நம்பித்தானேம்மா வீடு ஓடுது. உங்கள யாரு பாக்கறது?"

மாமியார் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அவள் உடம்பைப் பற்றி யாரும் விசாரித்து எவ்வளவோ காலமாயிற்று.

கதவு சாத்தியதும் ஆலோசகர், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால் இப்போது கேட்கலாம் என்றாள். கணவன் நகக்கண்ணில் படிந்திருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தலைக்குமேல் மின்விசிறி கடகடத்தது.

"ஏங்க," என்றாள் மனைவி. "அது பையனா, பொண்ணா?"

எது என்று அவன் கேட்கவில்லை. துணியில் சுற்றியதை அன்றைக்குக் கையில் வாங்கியவன் அவன்தான்.

"பொண்ணு," என்றான். நகத்தைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "நெத்தி உன்ன மாதிரியே," என்றான். பிறகு அவனால் முடியவில்லை. தோள்கள் குலுங்க, வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததேயில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுதுடுவேன்னு."

"நான் தினமும்தான் அழறேன்."

"எங்க?"

"பாத்ரூம்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் லிஃப்ட் பள்ளத்துல."

இருவருக்குமே சிரிப்பு வரும்போல் இருந்தது. வரவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னாள்.

"இது உதைக்கும்போது எனக்கு சந்தோஷமே வரலைங்க. பயமா இருக்கு. சில நாள் இது வேணாமேன்னுகூடத் தோணுது. நான் நல்லவ இல்லையோன்னு நெனைக்கறேன்."

இதை ஒரு நோயாகப் பார்க்க வேண்டும், கெட்ட குணமாக அல்ல என்றாள் ஆலோசகர். கர்ப்ப காலத்தில் பலருக்கு வருவதுதான், ஆண்களுக்கும் வரும், பேசிப் பேசிக் குறையும், குறையாவிட்டால் மருந்து இருக்கிறது. வாரம் ஒருமுறை இரண்டு பேரும் வர வேண்டும். செத்துப்போகலாம் என்று நினைப்பு வந்தால் மட்டும் வாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். அவள் இதைத் தினமும் பலரிடம் சொல்பவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவர்களிடம் அதை ஒருவர் சொல்வது அதுதான் முதல்முறை.

மாமியார் திரும்பி வந்து இருவர் கண்களையும் பார்த்தாள்.

"மாசமா இருக்கறவள அழ வைக்கறதுக்குன்னு ஒரு ஆபீசா?"

ஆலோசகர் விளக்க முயன்றாள். மாமியார் காதில் வாங்காமல் மருமகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவள் கொடுமைக்காரி அல்ல. முதல் கர்ப்பத்தின்போது ஒரு சாயங்காலம், பால் பொங்கிய ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, மருமகளைப் பெற்றவர்களையும் சேர்த்து ஏதோ சொல்லிவிட்டாள். மருமகள் அன்று நெடுநேரம் அழுதாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எந்த டாக்டரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தம் உண்டு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் கண்ணிலும் தண்ணீரைக் காண அவளுக்குத் தைரியமில்லை.

அடுத்த வாரம் மகன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றான். மருமகள் தலைவாரிக்கொண்டு புறப்பட்டாள். மாமியார் வாசற்கதவில் கைவைத்து நின்றாள்.

"எங்க?"

அவன் தயங்கினான். மருமகள்தான் பதில் சொன்னாள். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது.

"அழறதுக்கு, அத்தை. கொஞ்சம் நேரமாகும். நீங்க சாப்பிட்டுடுங்க."

மாமியாரின் கை தானாகக் கதவிலிருந்து இறங்கியது. படியில் அவன் முன்னால் இறங்கி, அவள் பிடித்துக்கொள்ள முழங்கையை நீட்டினான். இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள்.

எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜோடியா எங்கக்கா கெளம்பிட்டாங்க?"

"சும்மா செக்கப்புக்கு."

"நல்லா இருக்காளா?"

"அவளுக்கென்ன. சிரிச்ச முகமா இருக்கா."

"நீங்க எப்படிக்கா இருக்கீங்க?"

மாமியார் வாயைத் திறந்தாள். சொல்ல ஏதோ வந்தது. அதை விழுங்கினாள்.

"எனக்கென்ன," என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.